காலதர் அடைத்த வீடுகள்

உணவின்றிச் சில வாரங்கள் உயிர் தாங்கியோர் உண்டு. நீரின்றிச் சில நாள்கள் தாங்கியோரும் உண்டு. மூச்சின்றிச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்கியோர் மிக அரியர். ஆயினும் இம்மூன்றனுள் நாம் மிகக் குறைவாகக் கவலைப்படுவது மூச்சைப் பற்றியே. சந்தையிலே கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்த்துப் புழுவில்லை என்று கண்ட பின்னரே பையில் இடுகிறோம். கிணற்று நீரைக் கொதிக்கவைத்து, ஆற்றி, வடித்துக் குடிக்கிறோம். நாள்தோறும் ஏறத்தாழ 10,000 லீற்றர் அளவில் நெஞ்சுக்குள் வாங்கி வெளிவிடும் வளியைப் பற்றி மட்டும் ஒரு வினாவும் எழுப்புவதில்லை. அதனைச் சுவரிலே மாட்டிய ஒரு பெட்டியின் பொறுப்பில் விட்டு, கதவையும் யன்னலையும் இறுகச் சாத்திக்கொண்டு உறங்கிவிடுகிறோம்.

நான் மருத்துவன் அல்லேன், பொறியியலாளனும் அல்லேன். இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து ஐம்பது வயதைக் கடந்த தமிழாசிரியன். இயந்திரத்தைப் பற்றி இவனுக்கென்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு இரண்டு விடைகள் உள. ஆசிரியனுடைய தொழிற்கருவி குரல். குரலின் முதல் மூச்சு. எழுத்துகளின் பிறப்பைக் கூறப்புகுந்த தொல்காப்பியரும் உந்தியினின்று எழும் வளியையே முதலாக வைத்தார். மூச்சுக்கு வரும் கேடு எங்கள் தொழிலுக்கு வரும் கேடாகும். இது முதலாவது விடை. இக்கேட்டின் பெரும்பகுதி ஒரு சொல்லினால் விளைந்தது என்பது இரண்டாவது. சொல்லால் வரும் மயக்கத்தை நீக்குதல் பண்டிதர் தொழிலே அன்றோ?

பெயர் செய்த மயக்கம்

அப்பெட்டியை நாம் 'வளிச்சீராக்கி' என்கிறோம். வளியைச் சீராக்குவது எதுவோ அது வளிச்சீராக்கி. சீர் என்னும் சொல் ஒழுங்கு, செம்மை, சிறப்பு என்னும் பொருள்களைத் தருவது. ஆகவே இப்பெயரைக் கேட்பவன், அழுக்கான வளி ஒரு பக்கத்தால் உட்புகுந்து தூய வளியாக மறுபக்கத்தால் வெளிவருகின்றது என்றே எண்ணுவான். பல வீடுகளில் நான் கேட்டறிந்த வரையில், வெளிச்சுவரில் தொங்கும் பகுதி புதிய காற்றை இழுத்து உள்ளே அனுப்புகின்றது என்றே வீட்டார் நம்புகின்றனர். உண்மை அதுவன்று. நம் வீடுகளில் வழங்கும் இரு கூற்றுப் பொறியிலே உள்ளே தொங்கும் பகுதி, அறையிலுள்ள வளியையே உறிஞ்சிக் குளிர்ந்த குழாய்களின்மேற் செலுத்தி அறைக்கே திருப்பி விடுகின்றது. வெளியே இருக்கும் பகுதி வெப்பத்தை வெளியில் உமிழ்கின்றதேயன்றி, வெளிக்காற்றில் ஒரு துளியையும் உள்ளே அனுப்புவதில்லை. மாலை ஏழு மணிக்கு அறையில் இருந்த வளியே விடியும்வரை சுற்றிச் சுற்றி வருகின்றது.

இப்பெயரின் வரலாறு அறியத்தக்கது. 1902ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்துப் புறூக்லினில் இருந்த ஓர் அச்சுக்கூடத்திலே, கோடைகாலத்து ஈரத்தினாற் கடதாசி விரிந்தும் சுருங்கியும் வந்தமையால், வண்ணப்படங்களில் ஒரு நிறத்தின்மேல் மறுநிறம் பொருந்தாது விலகி நின்றது. இக்குறையைப் போக்குமாறு வில்லிஸ் கரியர் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் அமைத்த பொறியே இன்றைய வளிச்சீராக்கிகளின் முன்னோடி. நான்கு ஆண்டுகள் கழித்து, 1906இல், வட கரோலைனாவைச் சேர்ந்த ஸ்ருவட் கிறேமர் என்னும் நெசவாலைப் பொறியியலாளர் இத்தொழிலுக்கு ஆங்கிலப் பெயரை வழங்கினார். பஞ்சு நூல் அறாதிருக்க அதற்கு ஈரம் ஊட்டிப் பதப்படுத்தும் வழக்கம் ஆலைகளில் இருந்தது. நூலைப் பதப்படுத்துவதுபோல வளியையும் பதப்படுத்துதல் என்னும் கருத்திலே அப்பெயர் பிறந்தது. முதற்பொறி கடதாசிக்காகச் செய்யப்பட்டது. முதற்பெயர் பஞ்சு நூலுக்காக இடப்பட்டது. மனிதருடைய நெஞ்சுக்கூடு பின்னர் வந்து சேர்ந்தது.

அவ்விருவருக்கும் நாம் அநீதி செய்தலாகாது. வெப்பம், ஈரம், வளியின் ஓட்டம், தூய்மை ஆகியவற்றையும் ஒருங்கே பேணுவதையே அவர்கள் அப்பெயராற் கருதினர். பெரிய மருத்துவமனைகளிலும் அரங்குகளிலும் இன்றும் வெளிவளியை வடித்து உட்செலுத்தும் ஏற்பாடு உண்டு. வீட்டுக்கு வந்த சிறு பெட்டியோ குளிரை வைத்துக்கொண்டு புதுவளியைக் கைவிட்டது. பெயரை மட்டும் முழுமையாக எடுத்துக்கொண்டது. ஆதலால் அதனைக் 'குளிரூட்டி' என்று வழங்குதலே பொருத்தம். அப்பெயர் செய்கின்ற தொழிலைச் சொல்கின்றது; செய்யாததைச் சொல்லவில்லை.

பெட்டி செய்வதும் செய்யாததும்

சிறிய கணக்கொன்று செய்து பார்ப்போம். பன்னிரண்டு அடி நீளமும் பத்து அடி அகலமும் பத்து அடி உயரமும் உடைய படுக்கையறை ஏறத்தாழ 34,000 லீற்றர் வளியைக் கொள்ளும். உறங்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 10 லீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றார். இருவர் உறங்கினால் 20 லீற்றர். திறந்த வெளியில் பத்து இலட்சம் பங்கு வளியில் இன்று ஏறத்தாழ 420 பங்கு அவ்வாயு உள்ளது. அறையில் ஓர் இடுக்கும் இல்லையெனக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் அது 1000 பங்கை எட்டிவிடும். 1858ஆம் ஆண்டிலேயே மியூனிச் நகரத்து அறிஞர் மக்ஸ் வொன் பெற்றன்கோபர், மனிதர் வாழும் அறையில் இது 1000 பங்கைக் கடத்தலாகாது என்று எல்லை வகுத்தார். கதவின் கீழுள்ள இடுக்குகளால் உண்மையில் ஏற்றம் சற்று மெதுவாக நிகழும். ஆயினும் இரவு ஒரு மணி நேரம் அன்று. எட்டு மணி நேரம். மின்கட்டணத்துக்கு அஞ்சிக் குடும்பத்தார் நால்வரும் ஒரே குளிரறையில் உறங்கும் வழக்கமும் நம்மிடையே உண்டு.

அவ்வளவினதாகிய காபனீரொட்சைட்டு நஞ்சாகிக் கொல்வதில்லை. பெற்றன்கோபர் அதனை ஓர் அடையாளமாகவே கொண்டார். ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எத்துணை வாங்குகின்றனர் என்பதற்கு அது அளவுகோல். ஒருவருக்குத் தடிமன் வந்தால் மறுநாள் நால்வருக்கும் வருவதன் காரணம் இதிலே தெரியும். 2020ஆம் ஆண்டில் வந்த கொள்ளைநோய் உலகம் முழுவதற்கும் இப்பாடத்தை மிகுந்த விலைக்குக் கற்பித்தது. விடியற்காலையில் எழும்போது தலை கனத்தலும், உறங்கியும் உறங்காதது போன்ற சோர்வும் இவ்வாறு தேங்கிய வளியில் உறங்குவோர் பலர் சொல்லும் முறைப்பாடுகள். க.பொ.த. பரீட்சைக்குப் படிக்கும் மாணவனைக் குளிரறையில் அடைத்துக் கதவைச் சாத்தும் பெற்றோர், அவன் புத்தகத்தின்மேல் தூங்கி விழுவதைச் சோம்பல் என்று மட்டும் கடிந்துகொள்ளாதிருப்பாராக.

இரண்டாவது தீங்கு ஈரத்தினால் வருவது. சூடான வளி குளிர்ந்த குழாயிற் படும்போது, குளிர்நீர்க் குவளையின் புறத்தே வியர்ப்பதுபோல, நீர் துளிக்கின்றது. அந்நீர் ஒரு தட்டிலே விழுந்து குழாய் வழியாக வெளியேறும். வடிவலையைக் கடந்து சென்ற தூசு அக்குழாய்களிலே படிகின்றது. தூசும் ஈரமும் இருளும் கூடிய இடத்திலே பூஞ்சணம் வளராதிருக்குமா? பொறியை முடுக்கியவுடன் எழும் பழங்கந்தை நாற்றம் அதன் அறிகுறி. பூஞ்சண வித்திகள் குளிர்காற்றோடு கூடி முகத்தின்மேல் வீசப்படுகின்றன. ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டிடங்களில் வாழ்வோர்க்கு மூச்சு நோய்க்குறிகளும் ஆஸ்துமாவின் கடுமையும் மிகுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகின்றது.

மூன்றாவது தீங்கு குளிரினாலேயே வருவது. மூக்கு, உட்செல்லும் வளியைச் சூடாக்கி ஈரமாக்கி வடித்து அனுப்பும் கருவி. மூச்சுக் குழாய்களின் உட்புறத்தே மெல்லிய சளிப்படலமும், அதனை மேனோக்கித் தள்ளும் நுண்ணிய பிசிர்களும் உள. குளிரூட்டி வளியிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுப்பதால், இரவு முழுவதும் அவ்வளி முகத்திலே நேராக வீசும்போது மூக்கும் தொண்டையும் வறள்கின்றன. தூசு உள்ளே தங்குகின்றது. முட்டு வருத்தம் உடையோர்க்கோ குளிர்வளி பட்டவுடனேயே மூச்சுக் குழாய்கள் சுருங்குதலும் உண்டு. புறத்தே 32 பாகை வெயிலில் வியர்த்து வந்தவர் 18 பாகை அறைக்குள் திடீரெனப் புகும்போது இருமல் எழுவது இதனாலேயே.

என் தமக்கையாரின் பேரன் ஒன்பது வயதினன். கொழும்பிலே மாடிக் குடியிருப்பொன்றில் வாழ்கின்றான். ஓராண்டுக் காலம் நள்ளிரவு கடந்ததும் இருமி எழுந்து, "அம்மம்மா, மூச்சு இழுக்கேலாமல் கிடக்கு" என்று படுக்கையிலே குந்தியிருப்பான். மருத்துவர் முட்டு என்று கண்டு இன்ஹேலர் கொடுத்தார். ஆகஸ்டு விடுமுறைக்கு வடமராட்சிக்கு வந்து எங்கள் விறாந்தையிலே மூன்று வாரம் உறங்கினான், ஓரிரவும் எழவில்லை. திரும்பிச் சென்ற மூன்றாம் நாள் மீண்டும் தொடங்கிற்று. அதன் பின்னரே மருத்துவர், படுக்கையறை எவ்வாறு இருக்கின்றது என்று துருவி வினவினார். பொறியைத் திறந்து பார்க்க வந்த தொழிலாளி, "ஐயா, இதைப் பூட்டின நாள் துவக்கம் ஒருத்தரும் திறந்து பார்க்கேல்லைப் போல" என்று கூறி எடுத்துக் காட்டியது வடிவலை அன்று, சாம்பல் நிறத்துக் கம்பளி. உள்ளே குழாய்களில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம். கழுவித் துடைத்தனர், யன்னலைத் திறக்கத் தொடங்கினர். பையன் இன்னும் இன்ஹேலரை விடவில்லை, விடவும் கூடாது. ஆயினும் இரவில் எழுவது அரிதாயிற்று. ஒரு பையனைக் கொண்டு ஊருக்கெல்லாம் விதி செய்தல் தகாது என்பதை அறிவேன். ஊர்க்காற்றில் இல்லாத தூசும் புகையும் நகரத்தில் உள என்பதையும் அறிவேன். எனினும், மூச்சு முட்டுகின்றது என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, மருந்துச் சீட்டோடு நின்றுவிடாமல் அறையையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இஃது ஒன்றே போதிய சான்று.

காரணமற்ற அச்சத்தையும் இங்கே விலக்க வேண்டும். 1976ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து விடுதியொன்றிலே கூடிய முன்னாட் போர்வீரர் பலருக்கும் அவ்விடத்தே இருந்த வேறு சிலருக்கும் கொடிய நுரையீரல் அழற்சி கண்டது. 221 பேர் நோயுற்றனர். அவருள் 34 பேர் இறந்தனர். மறு ஆண்டிலே அதன் காரணமாகிய பற்றீரியாவைக் கண்டறிந்து, பின்னர் அதற்கு லீஜியோனெல்லா என்று பெயரிட்டனர். இச்செய்தியைச் சொல்லி வீட்டுக் குளிரூட்டி எல்லாம் அந்நோயைத் தரும் என்று அச்சுறுத்துவோர் உளர். அப்பற்றீரியா பெருங்கட்டிடங்களின் நீர்க்குளிர்க் கோபுரங்களிலும் வெந்நீர்க் குழாய்களிலும் வளர்வது. வீட்டுப்பெட்டி நீரைக்கொண்டு குளிர்விப்பதன்று. ஆதலின் அதனிடத்தே அவ்வச்சம் வேண்டியதில்லை. குற்றத்தைச் சரியாகச் சொல்லாத முறைப்பாடு வழக்கைக் கெடுக்கும்.

குளிர்நாட்டு வீடுகளில்

நம்மவர் இன்று குளிர்நாடுகளிலும் குடியேறி வாழ்கின்றனர். ரொறன்ரோவிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் மார்கழி, தை மாதங்களில் வரும் தொலைபேசிச் செய்திகளில் இருமல் இல்லாத வீடு குறைவு. குளிர் பிடித்துவிட்டது என்பார்கள். குளிரை விட, குளிரை விரட்டும் பொறிக்கே அதிற் பெரும்பங்கு உண்டாதல் கூடும்.

ஒரு கன மீற்றர் வளி, உறைநிலைக்குப் பத்துப் பாகை கீழே ஏறத்தாழ இரண்டு கிராம் நீராவியையே தாங்கவல்லது. அதே வளியை உள்ளே கொணர்ந்து 20 பாகைக்குச் சூடாக்கினால் அது 17 கிராம் நீராவியைத் தாங்கவல்லதாகின்றது. உள்ளதோ அந்த இரண்டு கிராமே. வேட்கை மிகுந்த அவ்வளி, எட்டில் ஒரு பங்கு நிறைந்த குடம்போல, எங்கெல்லாம் ஈரம் உண்டோ அங்கெல்லாம் உறிஞ்சுகின்றது. உதடு வெடிக்கின்றது, மூக்கு வறண்டு குருதி கசிகின்றது, தொண்டை கரகரக்கின்றது. நிலவறையிலுள்ள உலையின் வடிதாளை மாற்றாவிட்டால், சென்ற ஆண்டின் தூசும் இவ்வாண்டின் சூட்டோடு கூடி வரும்.

இதற்கு மாற்றாக நீராவி விடும் ஈரமூட்டியை வைப்பர். அதன் நீரை நாள்தோறும் மாற்றாவிடின் அதுவே கிருமிகளின் குளமாகும். அளவின்றி ஈரம் ஊட்டினாற் சுவரில் பூஞ்சணமும் மெத்தையில் தூசு உண்ணியும் பெருகும். நூற்றுக்கு 30 முதல் 50 வரையான ஈரப்பதனே அவ்வீடுகளுக்குப் பொருத்தம் என்பர். பொறியினால் வந்த குறையைத் தீர்க்க மற்றொரு பொறி. அதன் குறையைத் தீர்க்க மனிதரின் கவனம். இறுதியில் நிற்பது கவனமே.

வெப்பமூட்டியிடத்தே இதனினும் கொடியதொன்று உண்டு. எரிபொருள் முற்ற எரியாதபோது எழும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதனைப் பற்றும். தலைவலி, மயக்கம், பின்னர் எழாத உறக்கம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணம், எரிபொருள் எரியும் பொறிகள் உள்ள வீடுகளில் இவ்வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி இருக்க வேண்டுமென 2014 முதற் சட்டம் செய்துள்ளது. நம் நாட்டிலே நுவரெலியாவுக்குச் செல்லும் பயணிகள், குளிர் தாங்காது கரியடுப்பை மூட்டி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது உயிரோடு விளையாடுதலாகும்.

மலைநாட்டை நினைக்கும்போது லயன் அறைகளை நினையாதிருத்தல் முறையன்று. அங்கே வெப்பமூட்டியும் அடுப்பும் ஒன்றே. பனி இறங்கும் விடியலில் இருக்கும் ஒரே யன்னலையும் சாக்கினால் மறைத்து, விறகுப் புகையின் நடுவே தாயும் பிள்ளையும் குளிர்காய்கின்றனர். நகரத்துச் செல்வர் குளிர்ச்சியை வெளியே விடாதிருக்க யன்னலை மூடுகின்றார். தோட்டத்துத் தொழிலாளி சூட்டை வெளியே விடாதிருக்க மூடுகின்றார். முன்னவருக்குத் திறக்கும் விருப்பம் இல்லை. பின்னவருக்குத் திறக்கும் வசதி இல்லை. இருவர் நெஞ்சுக்கும் வேண்டிய பொருள் ஒன்றே.

காலதர் என்னும் சொல்

சிலப்பதிகாரத்தைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் எவரும் 'காலதர்' என்னும் சொல்லைக் கடந்தே செல்ல வேண்டும். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி காலதர். மற்றொரு சொல் 'பலகணி'. பல கண்களை உடையது என்பது பொருள். நாம் நாள்தோறும் வழங்கும் 'யன்னல்' போத்துக்கேயர் தந்த சொல். ஆங்கிலேயர் வழங்கும் 'விண்டோ' என்னும் சொல்லும், வடபுலத்துப் பழைய மொழியொன்றிலே 'காற்றின் கண்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததென மொழிநூலார் காட்டுவர். ஒன்றையொன்று அறியாத இரு மக்களினத்தார், வீட்டுச் சுவரிலே திறந்த துளைக்குப் பெயரிடும்போது, ஒளியையோ காட்சியையோ நினையாமல் காற்றையே நினைந்தனர். இன்று நாம் அதனைக் கண்ணாடியிட்டு அடைத்துத் திரையும் தொங்கவிட்டுள்ளோம். ஒளி வருகின்றது, காட்சி தெரிகின்றது, கால் வர அதர் இல்லை.

யாழ்ப்பாணத்தார் காற்றுக்கு இட்ட பெயர்களைப் பாருங்கள்: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். திசைதோறும் வரும் காற்றைப் பெயர்சொல்லி அழைத்தவர்கள், அதற்கு வீட்டிலே வழியும் விட்டிருந்தனர். நாற்சார் வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரமும் அறைகளும், வெளியே திண்ணை. சூடேறிய வளி முற்றத்தால் மேலெழ, அதனிடத்தை நிரப்பப் புதுக்காற்று திண்ணைப் பக்கத்தால் உள்ளே வரும். இதனைப் பழமை என்று ஒதுக்குவார்க்கு, கட்டிடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்திலே கொழும்பில் கட்டிய ஏனா டி சில்வாவின் வீட்டை நினைவூட்டுவேன். நெருக்கமான நகரக் காணியொன்றில் நடுமுற்றத்தைச் சுற்றி எழுந்த அவ்வீடு, பழைய அறிவு புதிய வாழ்வுக்கும் ஒத்துவரும் என்பதைக் காட்டியது.

1990களின் முற்பாதியில் மின்சாரம் இன்றியே யாழ்ப்பாணம் பல ஆண்டுகள் வாழ்ந்தது. அத்துன்பத்தை நான் புகழப்போவதில்லை. ஆயினும் அன்று எங்களைக் காத்தவற்றுள் எங்கள் வீட்டு யன்னல்களும் அடங்கும். 2022 மார்ச்சு மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தபோது, குளிரூட்டியை நம்பிக் கட்டிய அடைபட்ட மாடிகளில் வாழ்ந்தோர் உள்ளேயும் இருக்கவியலாது, காற்றுக்குத் திறக்க வழியுமின்றிப் படிக்கட்டுகளில் வந்து குந்தினர். மின்சாரம் நின்றால் மூச்சும் முட்டுகின்ற வீடு நல்ல வீடாகுமா?

எதிர்வாதங்கள்

யன்னலைத் திற என்று எழுதுவது எளிது. நுளம்பு வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2017ஆம் ஆண்டிலே டெங்குக் காய்ச்சல் நம் நாட்டை வாட்டியதை மறந்தவர் இல்லை. இதற்கு விடை கண்ணாடி அன்று, நுளம்பு வலை. சிறுகண் வலை அடித்த சட்டத்தை யன்னலிற் பொருத்துவதற்கு ஆகும் செலவு, குளிரூட்டியின் விலையோடு ஒப்பிட மிகச் சிறிது.

காலி வீதியின் ஓரத்தில் யன்னலைத் திறந்தால் வாகனப் புகையன்றோ வரும் என்பர். இதுவும் உண்மையே. அங்கு வாழ்வோர் வாகனம் குறைந்த விடியற்காலையிலும் மழை ஓய்ந்த பின்னரும் திறக்கலாம். வீதிப் பக்கத்தை விடுத்துப் பின்பக்கத்தைத் திறக்கலாம். நேரம் அறிந்து திறத்தல் வேறு. ஒருபோதும் திறவாதிருத்தல் வேறு.

வெப்பம் பொறுக்கவில்லையே, முதியோரும் குழந்தைகளும் என் செய்வர் என்பார்க்கு என் விடை இது: குளிரூட்டியை நான் வெறுக்கவில்லை. சித்திரை மாதத்துப் புழுக்கத்திலே நோயாளர்க்கு அஃது உயிர்காக்கும் துணையாகும். ஈரத்தைக் குறைப்பதனால் தூசு உண்ணியையும் குறைக்கவல்லது. சிங்கப்பூரின் முதற் பிரதமர் லீ குவான் யூ தம் நாட்டின் முன்னேற்றத்துக்குக் குளிரூட்டியும் ஒரு காரணம் என்று போற்றினார். கத்தியும் நல்லதே; அதனைத் தீட்டவும் உறையிடவும் தெரிந்திருத்தல் வேண்டும்.

செய்யத் தக்கன

வடிவலையை இரு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குழாய்நீரிற் கழுவி, நிழலில் உலர்த்திப் பூட்டுக. அதற்குத் தொழிலாளி வேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கும் பழக்கலாம். உட்குழாய்களையும் நீர்த்தட்டையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தேர்ந்தவரைக்கொண்டு துப்புரவு செய்விக்க. நாற்றம் எழுந்தால் வாசனைத் திரவியம் தெளித்து மறையாது பொறியைத் திறந்து பார்க்க. வெப்பநிலையை 18இல் வைத்துப் போர்வைக்குள் நடுங்குவதை விடுத்து, 26இல் வைத்து மின்விசிறியையும் மெல்லச் சுழலவிடுக. மூச்சுக்கும் நன்று, பணப்பைக்கும் நன்று. குளிர்காற்று முகத்திலும் மார்பிலும் நேரே படாதவாறு திருப்பி விடுக. படுக்கைக்குச் செல்லுமுன் கால் மணி நேரமும் எழுந்த பின் கால் மணி நேரமும் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து வளியை மாற்றுக. இரவில் நாலைந்து பேர் உறங்கும் அறையாயின், ஒரு கதவையேனும் சிறிது திறந்து வைக்க. கரியடுப்பை எக்காலத்தும் உறங்கும் அறைக்குட் கொணராதீர். இவ்வளவும் செய்த பின்னும் மூச்சு முட்டுமாயின் மருத்துவரை நாடுக. அவர் தந்த மருந்தைப் பத்திரிகைக் கட்டுரையைப் படித்து நிறுத்தாதீர். இக்கட்டுரையும் அவ்விதிக்கு விலக்கன்று.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. விஞ்ஞான பாடத்திலே மூச்சுத் தொகுதியின் படத்தைக் கரும்பலகையில் வரைகிறோம். பிள்ளைகள் நிறந்தீட்டிக் கொணர்கிறார்கள். அப்படத்தின் வெளியே ஓர் அறையையும் வரையச் சொல்லுங்கள். அவ்வறையில் வளி வரும் வழி எது, போகும் வழி எது என்று அம்புக்குறி இடச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் தங்கள் படுக்கையறையில் அம்புக்குறி இட இடமின்றி விழிப்பர். அந்த விழிப்பே பாடத்தின் தொடக்கம்.

வீடு கட்டத் தொடங்குவோர்க்கும் ஒன்று. போருக்குப் பின் நம் ஊர்களில் புதிய வீடுகள் பல எழுகின்றன. வெளிநாட்டுப் பணம் வருகின்றது. கண்ணாடிச் சுவரும் தாழ்ந்த முகடும் நாகரிகமாகத் தோன்றுகின்றன. வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரிப்பவரிடம், குளிரூட்டி எந்தச் சுவரில் வரும் என்று கேட்பதற்கு முன்னர், சோளகம் எவ்வழியால் உள்ளே வந்து எவ்வழியால் வெளியே போகும் என்று கேளுங்கள். அதற்கு அவர் விரலால் தொட்டுக்காட்ட இரண்டு இடங்கள் அப்படத்தில் இருக்க வேண்டும். இல்லையெனின் சீமெந்து குழைக்குமுன் படத்தைத் திருத்தச் சொல்லுங்கள். சுவர் எழுந்த பின் திருத்துவது கடினம். நெஞ்சு கெட்ட பின் திருத்துவது அதனினும் கடினம்.